கறுப்புத் துணி 8 மீட்டர்

சின்னப் பணத்தில் படம் எடுக்கிறவர்களின் வெளிச்சச் சந்தேகங்களுக்குப் பதில் எழுத முடியுமா என்று இதழ் ஆசிரியர் கேட்டார். "நான் கேமராமேன் இல்லீங்க, லைட்மேன்" என்றேன். "தெரிஞ்சுதான் கேக்குறேன்" என்றார். 1984-இல் வடபழநியில் கேபிள் சுருட்டுகிற பையனாகச் சேர்ந்தவன் நான். ஸ்டுடியோ ஃப்ளோரில், தலைக்கு மேலே தொங்கும் பலகையில் உட்கார்ந்து 'சீனியர்' என்கிற 5 கிலோவாட் லைட்டைத் திருப்பியே முதல் ஆறு வருஷம் போயிற்று. கடைசிப் பத்து வருஷம் கேஃபர், அதாவது லைட்மேன்களுக்குத் தலைவன். இப்போது முழங்கால் ஏணிக்கு ஒத்துழைப்பதில்லை. பக்கத்துத் தெருப் பையன்கள் குறும்படம் எடுத்தால் கூப்பிடுவார்கள். ஒரு டீக்குப் போய் வருவேன்.

வந்த கேள்விகளில் பாதி, 'எந்த லைட் வாங்கலாம்?' அவற்றுக்கெல்லாம் சேர்த்து முதல் பதில்.

ஒரு ஓட்டு வீட்டிலேயே முழுப் படமும் எடுக்கிறோம். கையில் ஒரு மிரர்லெஸ் கேமரா, அதற்கு இரண்டு பக்கமும் நிறுத்த இரண்டு எல்.இ.டி. பேனல். பகல் காட்சி எது எடுத்தாலும் சீரியல் மாதிரி வருகிறது. இன்னும் பெரிய லைட் வாங்க வேண்டுமா?
– தேனி வாசகர்

வேண்டாம் தம்பி. இருக்கிற இரண்டையும் முதலில் அணையுங்கள்.

சீரியலில் ஒரு நாளைக்கு இத்தனை சீன் என்று கணக்கு. யார் எங்கே நின்றாலும், எந்தக் கேமரா பார்த்தாலும் முகம் தெரிய வேண்டும். அதனால் நாலு பக்கமும் வெளிச்சத்தைக் கொட்டி வைப்பார்கள். அவர்கள் பிழைப்பு அது, குறை சொல்ல மாட்டேன். உங்களிடம் இருப்பது ஒரே கேமரா. நீங்கள் ஏன் கேமராவுக்கு இரண்டு பக்கமும் பேனலை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்? கேமரா இருக்கிற பக்கத்திலிருந்தே வெளிச்சமும் போனால் மூக்கு, கன்னம், கண்குழி எல்லாம் ஒரே மட்டமாகத் தெரியும். ரேஷன் கார்டு போட்டோ மாதிரி.

வீட்டுக்குள் ஸ்விட்ச் எதையும் போடாமல் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். கண் பழகட்டும். ஜன்னல் எது, வாசல் எது, எதிலிருந்து வெளிச்சம் ஜாஸ்தி வருகிறது என்று பாருங்கள். நடிக்கிறவரை ஜன்னலிலிருந்து இரண்டடியில் நிறுத்துங்கள். பிறகு நாலடி, பிறகு எட்டடி. லைட்மேன்கள் எல்லோருக்கும் கைப்பழக்கமாகத் தெரிந்த கணக்கு ஒன்று உண்டு. ஒரு பல்பிலிருந்து தூரத்தை இரண்டு மடங்காக்கினால் வெளிச்சம் பாதியாகாது, கால்வாசியாகும். ஜன்னல் அகலமானது என்பதால் கணக்கு அச்சாகப் பொருந்தாது. ஆனால் போக்கு அதுதான். இரண்டடியில் நிற்கும்போது ஜன்னல் பக்கத்துக் கன்னம் பளிச்சென்று இருக்கும், பின்சுவர் இருண்டு கிடக்கும். எட்டடிக்குப் போனால் ஆளும் சுவரும் ஒரே மங்கல். ஒரு ரூபாய் செலவில்லாமல் மூன்று விதமான லைட்டிங் பார்த்துவிட்டீர்கள்.

அடுத்தது கேமரா எங்கே என்பது. எல்லோரும் ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எடுப்பார்கள், வெளிச்சம் நன்றாக விழுகிறதே என்று. மறுபக்கம் போங்கள். முகத்தின் இருட்டுப் பக்கம் கேமராவுக்கு வரட்டும். வெளிச்சம் நெற்றியின் அந்த ஓரத்தில் தொட்டு, மூக்கைத் தாண்டி, இந்தக் கன்னத்தில் வந்து தேயும். அந்தத் தேய்மானம்தான் நீங்கள் கேட்கிற 'சினிமா'.

இதற்குப் பிறகும் முகம் சப்பென்று இருந்தால் காரணம் உங்கள் சுவர். வெள்ளையடித்த சின்ன அறையில் வெளிச்சம் நாலு சுவரிலும் பட்டுத் திரும்பி இருட்டுப் பக்கத்தையும் நிரப்பிவிடும். அப்போது லைட் கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில், ஃபிரேமுக்குள் வராத இடத்தில், கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள். கன்னத்தில் நிழல் உடனே இறங்கும். வேலைக்குக் கிளம்பும்போது என் பையில் என்ன இருந்தாலும் இல்லாவிட்டாலும் 8 மீட்டர் கறுப்புக் காடா இருக்கும். அதோடு துணிக் கிளிப் இரண்டு டஜன், சணல், டிரேசிங் பேப்பர், ஒரு பக்கம் கறுப்புத் தாள் ஒட்டிய தெர்மகோல் இரண்டு. வெள்ளைப் பக்கம் வெளிச்சம் கொடுக்கும், கறுப்புப் பக்கம் வாங்கிக்கொள்ளும். நீங்கள் வாங்கப் பார்த்த லைட்டின் ஒரு நாள் வாடகைக்குள் இது எல்லாமே முடிந்துவிடும்.

சுவர் பச்சை, நீலம் என்று இருந்தால் கவனம். பச்சைச் சுவரின் வெளிச்சம் தாடைக்கு அடியில் பச்சையாகவே தெரியும். கலர் கரெக்‌ஷனில் பிறகு தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். அதற்கும் துணிதான்.

ஓட்டு வீடு என்றீர்களே, கண்ணாடி ஓடு இருக்கிறதா? இல்லாவிட்டால் ஊர் மரக்கடையில் கேளுங்கள். வீட்டுக்காரர் சம்மதித்தால் கூரையில் ஒரு ஓட்டை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓட்டைச் செருகலாம். அடுக்களையில் கொஞ்சம் சாம்பிராணி போட்டால் கூரையிலிருந்து தரைவரை வெளிச்சம் கம்பு மாதிரி நிற்கும். ஒன்றே ஒன்று, அது சூரியனோடு நகரும். பத்து மணிக்கு உரல் மேல் இருந்தது பதினொன்றுக்கு அம்மி மேல் இருக்கும். அந்த ஷாட்டை எடுத்து முடித்துவிட்டுச் சாப்பிடப் போங்கள்.

முகத்துக்குச் சரியாக வைத்தால் ஜன்னல் வெள்ளையாக வெடித்துவிடுகிறது. ஜன்னலுக்கு வைத்தால் முகம் கரியாகிவிடுகிறது. என்ன செய்வது?
– நாகர்கோவில் வாசகர்

உச்சி வெயிலில் வெளியே சுமார் 1 லட்சம் லக்ஸ். அறைக்குள் நூறோ இருநூறோ. வெளிச்சம் இரண்டு மடங்கானால் எங்கள் பாஷையில் ஒரு ஸ்டாப். ஆயிரம் மடங்கு வரை வித்தியாசம் என்றால் பத்து ஸ்டாப். இந்தப் பத்து ஸ்டாப்பை உங்கள் கேமராவின் தலையில் கட்டினால் அது திணறத்தான் செய்யும்.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். ஜன்னல் கிழக்குப் பார்த்தது என்றால் பிற்பகலில் எடுங்கள். அப்போது எதிரே தெரியும் சுவரின் மேல் வீட்டு நிழல் விழுந்திருக்கும். நிழலில் வெளிச்சம் பத்தில் ஒரு பங்குக்கு வந்துவிடும். மூன்று ஸ்டாப் இலவசம். பெரிய படங்களில் இதையே 18 கிலோவாட் லைட்டை ஆறு பேர் தூக்கிவந்து வைத்துச் சமாளிப்பார்கள். எட்டு மணிக்கு எடுக்க வேண்டியதை மூன்று மணிக்கு எடுக்கிற வசதி அவர்களுக்குக் கிடையாது. உங்களுக்கு உண்டு.

கறுப்புக் கொசுவலையை ஜன்னலுக்கு வெளியே இழுத்துக் கட்டுவது இன்னொரு வழி. கம்பியிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கட்டினால் வலைக் கட்டம் ஃபோகஸில் விழாது. ஆனால் அதே ஜன்னல்தான் முகத்துக்கும் வெளிச்சம் தருகிறது என்றால் வலை இரண்டையும் சேர்த்தே குறைக்கும், பிரயோஜனம் இல்லை. முகத்துக்கு வாசல், பின்னணிக்கு ஜன்னல் என்று பிரிந்திருந்தால் மட்டும் வலை. ஜன்னலுக்கு வெளியே ஒரு வாழைமரம் நின்றாலும் போதும், பாதித் தலைவலி தீரும்.

இதையும் சொல்கிறேன். கொஞ்சம் வெடிக்கட்டும், விடுங்கள். இருட்டான வீட்டுக்குள்ளிருந்து தெருவைப் பார்த்தால் நம் கண்ணுக்கே அப்படித்தான் கூசுகிறது. வெளியே ஒவ்வொரு இலையும் தெளிவாகத் தெரிந்து, உள்ளே முகமும் தெளிவாகத் தெரிந்தால்தான் பார்க்கிறவனுக்குச் சந்தேகம் வரும்.

கடைக்குள் எடுத்தால் படத்தில் வரிவரியாக ஓடுகிறது. செல்போன் கெட்டுவிட்டதா?
– பெரம்பூர் வாசகி

கெடவில்லை அம்மா. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், கடை பல்பு அதற்கேற்பக் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும். பல போன்களும் கேமராக்களும் 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்கான, நொடிக்கு 30 ஃபிரேமில் வந்து நிற்கின்றன. ஃபிரேமை 24 அல்லது 25 ஆக்கி, ஷட்டரை நொடியில் ஐம்பதில் ஒரு பங்கில் பூட்டுங்கள். போய்விடும். அப்புறமும் ஓடினால் பல்புதான் மட்டமானது. அதைக் கழற்றிவிட்டு வேறு மாட்டச் சொல்லுங்கள்.

எங்கள் நடிகர்கள் வேலைக்குப் போகிறவர்கள். ஞாயிறு மட்டும்தான் வருவார்கள், காலை பத்திலிருந்து மூன்று வரை. சூரியன் உதிக்கும், சாயும் நேரத்து 'மேஜிக் ஹவரு'க்கெல்லாம் காத்திருக்க முடியாது. உச்சி வெயிலில் என்ன எடுப்பது?
– கோயம்புத்தூர் வாசகர்

உச்சி வெயில் நம் ஊரில் கொஞ்சம் அதிகமாகவே உச்சி. சென்னையில் வருஷத்துக்கு இரண்டு முறை, ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்டிலும், நட்டுவைத்த கம்புக்கு நிழலே விழாத நாள் உண்டு. உங்களுக்கும் அதை ஒட்டித்தான். அந்த வெயிலில் ஆளை நிறுத்தினால் கண் இருக்கும் இடத்தில் இரண்டு குழிதான் தெரியும்.

திண்ணையில் உட்கார வையுங்கள். பழைய வீட்டுத் திண்ணையைப் போல ஒரு லைட் இதுவரை யாரும் வாடகைக்கு விட்டதில்லை. தலைக்கு மேலே தாழ்வாரம் வெயிலை வெட்டிவிடுகிறது. எதிரே தெரு கொதிக்கிறது. அந்தத் தெருவில் பட்ட வெயில் திரும்பி எழும்பித் திண்ணைக்குள் வருகிறது. முகம் முழுக்க மெத்தென்ற வெளிச்சம், கண்ணில் தெரு ஒரு வெள்ளைக் கோடாக மின்னும். மண் தெருவானால் கொஞ்சம் சிவப்பு கலந்துவரும், சிமெண்டானால் வெள்ளையாக வரும். போதாவிட்டால் தெருவில் ஒரு வெள்ளை வேட்டியை விரியுங்கள். ஃபிரேமில் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நாய் வந்து படுத்துக்கொள்ளும்.

முற்றம் இருந்தால் இன்னும் நல்லது. இதில் ஒரு கதை இருக்கிறது. 1956-இல் வந்த 'அபராஜிதோ'வுக்காக சத்யஜித் ராய் காசியில் இருக்கும் ஒரு முற்றத்து வீட்டைக் கல்கத்தா ஸ்டுடியோவுக்குள் செட்டாகப் போட வேண்டியிருந்தது. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மறுத்தார். முற்றத்து வெளிச்சம் திறந்த ஆகாயத்திலிருந்து நிழலில்லாமல் இறங்குவது, ஸ்டுடியோ லைட்டால் அது வராது என்பது அவர் வாதம். மறுத்தவரே பிறகு வழியும் கண்டுபிடித்தார். செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டினார். லைட்டையெல்லாம் நடிகர்கள் மேல் அடிக்காமல் அந்தத் துணி மேல் அடித்துத் திருப்பி இறக்கினார். ராயின் முதல் படத்துக்கு வந்தபோது சினிமா கேமராவை ஓட்டிய அனுபவமே இல்லாதவர் அவர். நான் தொழிலுக்கு வந்தபோதுகூட எங்கள் சீனியர்களில் சிலர் லைட்டைத் துணியில் அடிக்கச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். 'ஆள் இங்க இருக்கான், லைட் எங்கடா போகுது?' என்பார்கள்.

அகலமான ஷாட்டை மட்டும் கடைசிக்கு, மூன்று மணியை ஒட்டித் தள்ளுங்கள். கிட்டத்து ஷாட் முழுக்கத் திண்ணையில்.

எங்கள் கதாநாயகி நல்ல கறுப்பு. நாயகன் சிவப்பு. இருவரையும் ஒரே ஃபிரேமில் வைத்தால் கதாநாயகி முகம் தெரிவதில்லை. மேக்கப் போட்டு ஒரு ஷேடு ஏற்றலாமா என்று தயாரிப்பாளர் கேட்கிறார்.
– மதுரை வாசகர்

தயாரிப்பாளரிடம் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள், ஏற்றக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. பலகை மேல் உட்கார்ந்திருந்த காலத்தில் கறுப்பான நடிகர் வந்து நின்றாலே கீழேயிருந்து 'இன்னொரு பேபி போடு' என்று குரல் வரும். பேபி என்றால் சின்ன ஸ்டுடியோ லைட். நேராக முகத்தில் அடிப்போம். மேக்கப் சாம்பல் பூத்து, நெற்றியில் ஒரு புள்ளி மட்டும் வெந்துபோய் மின்னும். அப்புறம் 'இந்த முகம் கேமராவுக்கு எடுக்கலை' என்பார்கள். முகத்தின் மேல் என்ன தப்பு? லைட் போட்ட நாங்கள்தான் தப்பு.

கறுப்புத் தோல் வெளிச்சத்தைக் கண்ணாடி மாதிரித் திருப்பிக் காட்டும். எதைக் காட்டினால் அதைக் காட்டும். சின்ன லைட்டைக் காட்டினால் சின்னப் புள்ளி. அகலமான ஜன்னலைக் காட்டினால் நெற்றி முதல் தாடை வரை வழுவழுவென்று ஒரு பட்டை. ஆகவே லைட்டைக் கூட்டாதீர்கள், அகலமாக்குங்கள். ஜன்னல் இல்லாத இடத்தில் ஒரு வெள்ளைப் போர்வையைக் கட்டி உங்கள் பேனலை அதன் மேல் அடியுங்கள். போர்வை முகத்துக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்வாங்கி இருக்கட்டும். பவுடரைத் துடைத்துவிட்டுக் கன்ன எலும்பில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள், போதும்.

இருவரையும் ஒன்றாக எடுக்கும்போது அந்தப் பெண் ஜன்னலுக்குக் கிட்டே, நாயகன் ஓரடி உள்ளே. இவ்வளவுதான் விஷயம். தூரத்தின் கணக்கை மேலே தேனித் தம்பிக்குச் சொல்லியிருக்கிறேன். நாயகனுக்கு வெள்ளைச் சட்டை வேண்டாம். வெள்ளைதான் வேண்டும் என்று கதை கேட்டால் டீத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிக் காயவையுங்கள். படத்தில் வெள்ளையாகத்தான் தெரியும், முகத்தோடு சண்டைக்கு வராது.

கேமராவை ஆட்டோவில் விடாதீர்கள். ஃபிரேமில் கறுப்பு அதிகமானால் அது 'ஐயோ இருட்டு' என்று தானாகத் திறக்கும், தோல் சாம்பலாகிவிடும். அந்த முகம் நேரில் எவ்வளவு கறுப்போ அவ்வளவு கறுப்பாக வந்தால்தான் எக்ஸ்போஷர் சரி. வீட்டு எல்.இ.டி. பல்பை முகத்துக்குப் போடவே போடாதீர்கள். அதில் சிவப்பு குறைவு. எல்லாத் தோலிலும் ரத்தம் செத்த மாதிரி இருக்கும், கறுப்பில் இன்னும் மோசம். நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு டப்பாவில் சி.ஆர்.ஐ. என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். வீட்டு பல்பு பெரும்பாலும் 80. படத்துக்கு 95-க்கு மேல் பாருங்கள். லைட் வாங்கித்தான் தீருவேன் என்கிறவர்கள் வாட்ஸைப் பார்க்காமல் இந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

கிராமத்து இரவு. வீட்டில் கரண்ட் இல்லாத 1970-கள் கதை. அரிக்கேன் விளக்கு வெளிச்சம் மட்டும். ஜெனரேட்டருக்குப் பணம் இல்லை. முடியுமா?
– திருநெல்வேலி வாசகர்

1975-இல் வந்த 'பாரி லிண்டன்' படத்துக்காக ஸ்டான்லி குப்ரிக் மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே எடுக்க ஆசைப்பட்டார். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிக வெளிச்சம் வாங்கும். ஸைஸ் (Zeiss) கம்பெனி நாசாவுக்காகச் செய்த எஃப் 0.7 லென்ஸைத் தேடிப்பிடித்து, கேமராவையே மாற்றி அமைத்து, ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட் எடுத்தார். 100 வேக ஃபிலிமை லேபில் ஒரு ஸ்டாப் தள்ளி 200 ஆக்கிக்கொண்டார்கள். ஃபோகஸ் ஒரு விரல்கடை. நடிகர் முன்னே பின்னே அசைந்தால் போயிற்று.

இப்போது கணக்குப் போடுங்கள். எஃப் 0.7-இல் 200 என்றால், உங்களிடம் இருக்கும் எஃப் 1.8 லென்ஸுக்கு அதே வேகக் கணக்கு, அதாவது ஐ.எஸ்.ஓ., சுமார் 1300. உங்கள் மிரர்லெஸ் அதைத் தூக்கத்திலேயே எடுக்கும். ஆகவே முடியும்.

ஆனால் விளக்கை ஃபிரேமில் வைத்தால் சுடர் வெடிக்கும், இரண்டு முழம் தாண்டி ஒன்றும் தெரியாது. எனவே விளக்கு நடிப்பதற்கு, வெளிச்சம் வேறு இடத்திலிருந்து. ஒரு 40 வாட் குண்டு பல்பு, அதற்குக் கடையில் விற்கும் பல்பு டிம்மர், முன்னால் ஒரு டிரேசிங் பேப்பர். ஃபேன் ரெகுலேட்டரை மாட்டாதீர்கள், இப்போது வருகிறவை பல்புக்கு ஒத்துவராது. விளக்கு ஃபிரேமில் எந்தப் பக்கமோ அதே பக்கம், அதே உயரத்தில், ஃபிரேமுக்கு வெளியே பல்பை வையுங்கள். உயரம் முக்கியம். தரையில் வைத்த விளக்கின் வெளிச்சம் தாடைக்குக் கீழிருந்துதான் வரும். டிம்மரைக் குறைக்கக் குறைக்க பல்பு சிவந்துகொண்டே போகும். விளக்கின் நிறத்தோடு ஒத்ததும் நிறுத்துங்கள். பல்பை ஆட்டாதீர்கள். அரிக்கேன் சுடர் கண்ணாடிக்குள் இருக்கிறது, அது துடிக்காது. சினிமாவில் மட்டும்தான் துடிக்கிறது. எங்கள் தாத்தா வீட்டில் 1978 வரை அரிக்கேன்தான், அப்படித் துடித்த ஒரு ராத்திரி எனக்கு ஞாபகம் இல்லை.

வீட்டுக்குள் நடக்கும் இரவை இரவில் எடுக்காதீர்கள். பகலில் ஜன்னலையும் வாசலையும் கறுப்புத் துணியால் அடைத்துவிட்டால் பட்டப்பகல் இரண்டு மணிக்கே நடு ராத்திரி. நடிகருக்கும் தூக்கம் வராது. ஓட்டு இடுக்கில் வரும் வெளிச்சத்தை அடைக்க மறக்காதீர்கள், பலரும் கோட்டை விடுகிற இடம் அது.

வெளிப்புறத்துக்கு, சூரியன் விழுந்த பிறகு நம் ஊரில் இருபது நிமிஷம் கிடைக்கும். அந்த நேரத்தில் அகலமான ஷாட். கேமராவின் நிற அமைப்பை (ஒயிட் பேலன்ஸ்) 3200 கெல்வினில் வைத்தால் வானம் நீலமாக இருட்டும், வாசல் விளக்கு மஞ்சளாக நிற்கும். நாலு மணிக்கே ஒத்திகையை முடித்துவிடுங்கள். இருபது நிமிஷத்தில் மூன்று டேக் போனால் அதிகம். நிலா வெளிச்சத்தில் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பௌர்ணமி நிலா சூரியனில் சுமார் 4 லட்சத்தில் ஒரு பங்கு. கண் சமாளிக்கும், கேமரா பாவம்.

தெருவில் தண்ணீர் ஊற்றிப் பளபளப்பாக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. மழையே பெய்யாத ஊர்க் கதையில் ராத்திரி மட்டும் தெரு ஏன் நனைந்திருக்கிறது என்று என் மனைவி எப்போதும் கேட்பாள். பதில் சொன்னதில்லை.

வீட்டுக் கரண்டிலேயே எவ்வளவு லைட் போடலாம்?
– விழுப்புரம் வாசகர்

சின்ன பிளக் 5 ஆம்ப், 230 வோல்ட். அதாவது 1,150 வாட். ஒரு 1,000 வாட் ஹாலஜன் போட்டாலே அது நிறைந்தது. 15 ஆம்ப் பிளக்கில் 3,450 வாட். ஆனால் பிளக்கை மட்டும் நம்பாதீர்கள், சுவருக்குள் ஓடும் ஒயர் எந்தக் காலத்துது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. எல்.இ.டி. என்றால் 200 வாட்டில் வேலை முடியும், பயமில்லை.

1991-இல் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில் ஜூனியர் என்கிற 2 கிலோவாட் லைட் இரண்டை மாட்டினேன். நாலு கிலோவாட், பதினேழு ஆம்ப்புக்கு மேல். ஃபியூஸ் போனது. அவசரத்தில் கொஞ்சம் தடித்த கம்பியைச் சுற்றினேன். இந்த முறை ஃபியூஸ் நின்றது, கம்பத்தில் போயிற்று. தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. எதிர்வீட்டுப் பாட்டி கிரைண்டரில் பாதி அரைத்த மாவோடு வாசலுக்கு வந்து, நாளைக் காலை இட்லிக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். மறுநாள் காலை அந்தத் தெருவுக்கே மேனேஜர் இட்லி வாங்கிக் கொடுத்தார், என் பேட்டாவில் பிடித்துக்கொண்டு. தடித்த கம்பியைச் சுற்றியது மன்னிக்க முடியாத வேலை, கூரை வீடாக இருந்திருந்தால் எரிந்திருக்கும். நீங்கள் செய்யாதீர்கள்.

நான் ஒளிப்பதிவு படிக்கும் மாணவி. இத்துடன் ஒரு ஸ்டில் அனுப்பியிருக்கிறேன். இயற்கை வெளிச்சத்தில் எடுத்தது. எப்படி இருக்கிறது என்று சொல்ல முடியுமா?
– தஞ்சாவூர் வாசகி

பார்த்தேன் அம்மா. பாட்டி நிலைப்படியில் உட்கார்ந்து முறத்தில் அரிசி பொறுக்குகிறார். வாசல் வெளிச்சம் இடது தோளில் விழுந்து முறத்தில் இறங்குகிறது. அரிசி ஒவ்வொன்றும் தெரிகிறது. முகத்தைப் பாதி இருட்டில் விட்டதற்கு ஒரு சபாஷ், உங்கள் வயதில் எனக்கு அந்தத் தைரியம் கிடையாது.

ஆனால் இயற்கை வெளிச்சம் மட்டும் இல்லை. பாட்டியின் மூக்குக்கு இரண்டு நிழல் இருக்கிறது. ஒன்று வாசலால் வந்தது, வலப்பக்கம் மெதுவாகப் பரவுகிறது. இன்னொன்று இடப்பக்கம், சின்னதாக, ஓரம் கூர்மையாக. பின்னால் அலமாரிக்குக் கீழே பித்தளைக் குடம் இருக்கிறதே, அதன் வயிற்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளையாக ஒரு சதுரம். உங்கள் பேனல்.

குடத்தை நகர்த்தினால் சதுரம் போய்விடும், மூக்கின் இரண்டாவது நிழல் போகாது. குடம் அங்கேயே இருக்கட்டும், நன்றாக இருக்கிறது. பேனலை அணைத்துவிட்டு, அது இருந்த இடத்தில் தெர்மகோலை வெள்ளைப் பக்கமாக வையுங்கள். கிட்டே வேண்டாம், ஐந்தடி தள்ளி. அதே நேரத்துக்கு, அதே நிலைப்படியில் இன்னொன்று எடுத்து அனுப்புங்கள். போனில் வெளிச்சத்தைக் கூட்டி அனுப்பினால் கண்டுபிடித்துவிடுவேன்.